வெயிலில் பிளந்த நீர்

நீரைப் பிளப்பது பழைய வித்தை. 1800ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் நிக்கல்சனும் கார்லைலும் மின்சாரத்தைச் செலுத்தி நீரிலிருந்து ஹைட்ரஜனைப் பிரித்துவிட்டனர். ஆனால் ஒளியைக் கொண்டு பிளப்பது இலைகளுக்கு மட்டுமே கைவந்த கலையாக நெடுங்காலம் இருந்தது. (லவாய்சியே வைத்த 'ஹைட்ரஜன்' என்ற பெயருக்கு 'நீரைப் பிறப்பிப்பது' என்பது பொருள். நம்மவர் 'நீரகம்' என்றதும் அழகுதான்.)

1967இல் டோக்கியோப் பல்கலைக்கழகத்தில், ஹோண்டா கெனிச்சியின் மாணவர் ஃபுஜிஷிமா அகிரா, டைட்டானியம் டை ஆக்சைடு படிகம் ஒன்றை நீரில் இட்டு, பிளாட்டினத்தோடு கம்பியால் இணைத்து, ஒளியைப் பாய்ச்சினார். படிகத்தில் ஆக்சிஜன் குமிழிகளும் பிளாட்டினத்தில் ஹைட்ரஜன் குமிழிகளும் எழுந்தன. துத்தநாக ஆக்சைடு போன்றவை ஒளிபட்டால் நீரில் கரைந்து போகும், இப்படிகமோ தேயவில்லை. குமிழிகளைவிட இதுவே பெரிய செய்தி என்பது நம் எண்ணம். மின்வேதியியலார் பலர் முதலில் நம்ப மறுத்தனர். 1972இல் 'நேச்சர்' இதழ் அவர்தம் கட்டுரையை வெளியிட்டது.

அதற்குப் புகழ் தேடித் தந்தது அறிவியலன்று, அரசியல். 1973 அக்டோபரில் எண்ணெய் நெருக்கடி மூண்டது. எண்ணெய்க்குப் பிறநாடுகளையே நம்பியிருந்த ஜப்பான் திகைத்தது. 1974 புத்தாண்டு நாளில் 'அசாஹி' நாளிதழின் முதற்பக்கத்தில் இவ்வாய்வு இடம்பெற்றது. ஆய்வகத்துக் குமிழி ஒரு தேசத்தின் நம்பிக்கையாயிற்று.

நம்பிக்கைக்கு ஈடாகப் பொருள் வேலை செய்யவில்லை. டைட்டானியம் டை ஆக்சைடு வீட்டுச் சுவர்ச் சாயத்துக்கு வெண்மை தரும் பொருள். வெண்மையென்பதே காணும் ஒளியைத் திருப்பி அனுப்புவதுதானே! அது உட்கொள்வது புறஊதாக் கதிரை மட்டும்; நிலத்தை எட்டும் வெயிலில் அது சில விழுக்காடே. ஃபுஜிஷிமாவும் பின்னர் அதே பொருளைக் கொண்டு தாமே அழுக்கு நீக்கிக்கொள்ளும் பரப்புகளை ஆராய்ந்தார். அவ்வழியில் வந்த ஓடுகளும் கண்ணாடிகளும் சந்தையில் நிலைத்துவிட்டன. இதைத் தோல்வியென்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

1998இல் அமெரிக்காவில் கசெலெவும் டர்னரும் 12.4 விழுக்காட்டுத் திறனை எட்டினர். விலைமிக்க அவர்களது மின்முனை விரைவில் அரிப்புக்கு இரையாயிற்று. 2021இல் டோமென் கசுனாரியின் குழுவினர் 100 சதுர மீட்டர் தகடுகளைத் திறந்தவெளியில் பரப்பி, மாதக்கணக்கில் இயக்கிக் காட்டினர். உச்சத் திறன் 0.76 விழுக்காடு. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கலந்தே வெளிவந்ததால், வெடிக்காமல் பிரித்தெடுக்கச் சவ்வொன்றும் வேண்டியிருந்தது. அவர்கள் தகட்டில் பூசியது ஸ்ட்ரான்சியம் டைட்டனேட்டுத் தூள். அதுவும் புறஊதாக் கதிரையே உண்ணும்.