தானே நின்றுகொள்ளும் சேவையகம்: வாசிப்புப் பிழையின் நோயறிதல்

பரவல் சேமிப்பில் ஒரு சர்வர் திடீரென நின்றால் முதலில் மென்பொருள்மீதுதான் சந்தேகம் விழுகிறது. பல நேரம் நடப்பது வேறு. வட்டு ஒரு பிளாக்கைப் படிக்க முடியாமல் கைவிரித்திருக்கும். மென்பொருள் தெரிந்தே தன்னை நிறுத்திக்கொண்டிருக்கும். இப்படி நின்றுகொள்வதே பாதுகாப்பு என்ற நம்பிக்கை, சிறிய அமைப்புகளுக்குப் பொருந்தாது என்பது என் வாதம்.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்த ஆனந்த் பாபு பெரியசாமி தொடங்கிய குளஸ்டர் நிறுவனத்தை 2011இல் ரெட் ஹாட் வாங்கியது. அதன் குளஸ்டர்எஃப்எஸ் மென்பொருளில் ஒவ்வொரு சேமிப்புப் பகுதியும் ஒரு 'பிரிக்'. 30 விநாடிக்கு ஒருமுறை மென்பொருளே அதில் ஒரு சிறு கோப்பைத் தொட்டுச் சோதிக்கிறது. சோதனை தவறினால் 'ஹெல்த்-செக் ஃபெயில்டு, கோயிங் டவுன்' என்று லாகில் எழுதிவிட்டு, பிரிக்கின் புராசஸ் தன்னை முடித்துக்கொள்கிறது.

அந்த வரியோடு விசாரணை முடிந்துவிடக் கூடாது. அதே நிமிடத்துக் கெர்னல் லாகைப் பார்க்க வேண்டும். பிழை எண் 5 என்றால், கேட்ட தரவைக் கீழ்மட்டம் தரவில்லை. 117 என்றால் பிரிக்கின் அடியிலுள்ள எக்ஸ்எஃப்எஸ் கோப்பு முறைமையின் கட்டமைப்பே குலைந்திருக்கிறது. எதையும் மாற்றாத முறையில் ரிப்பேர் கருவியை ஓட்டிப் பார்க்காமல் கைவைக்கக் கூடாது. எண் 5 வந்தால், வட்டு தன் நிலையைத் தானே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் விவரம் பேசும். அதன் 197ஆம் எண்ணில் நிலுவை செக்டார்கள் ஏறியிருந்தால் பழுது வட்டில். 199 மட்டும் ஏறிக்கொண்டே போனால் சந்தேகிக்க வேண்டியது கேபிளை. இதைப் பிரித்தறியாமல் நல்ல வட்டைக் கழற்றினால், புது வட்டில் நகல் நிரம்பி முடியும்வரை தரவு எஞ்சிய நகல்களை மட்டுமே நம்பி நிற்கும்.

ஐஸ்வர்யா கணேசன், ராமநாதன் அழகப்பன் உள்ளிட்ட விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகக் குழு, 2017இல் வெளியிட்ட ஆய்வில் ரெடிஸ், கசாண்ட்ரா, காஃப்கா முதலிய எட்டு அமைப்புகளைச் சோதித்தது. ஒரே கணுவில் (சர்வரில்), ஒரே பிளாக்கில் மட்டும் பிழையைப் புகுத்தினார்கள். பிழை தெரிந்தபோது அமைப்புகள் பெரும்பாலும் நின்றுபோயின. அடுத்த கணுவில் நல்ல நகல் இருந்தும் அதை எடுத்துப் பழுதைச் சரிசெய்வது அரிதாகவே நடந்தது. நகல் இருப்பது வேறு, நகலைப் பயன்படுத்துவது வேறு.

தவறான தரவைத் தருவதைவிட நிற்பது மேல் என்பார்கள். மெட்டாடேட்டா கெட்டிருந்தால் அதை ஏற்கிறேன். ஒரு கோப்பின் ஒரு பிளாக் மட்டும் போயிருந்தால் ஏன் நிற்க வேண்டும்? நல்ல நகலிலிருந்து எடுத்து அங்கே மறுபடி எழுதினால், தேவைப்படும்போது வட்டே மாற்றுச் செக்டாரை ஒதுக்கிக்கொள்ளும்.

பெரிய தரவு மையத்தில் ஒரு பிரிக் விழுந்தால் யாருக்கும் தெரியாது. கெங்குவார்பட்டி போன்ற ஊரில் மூன்றே சர்வர் வைத்திருப்பவர், மாற்று வட்டு தேனியிலிருந்தோ மதுரையிலிருந்தோ வரும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் இன்னொரு பிரிக் விழுந்தால், மூன்று நகல் முறையில் பெரும்பான்மை இல்லாமல் எழுதும் வேலையே நின்றுவிடும். இன்னொரு குறையும் உண்டு: பிரிக்கின் அரைநிமிடச் சோதனை தொடுவது தன் சிறு கோப்பை மட்டும்தான். மாதக்கணக்கில் யாரும் திறக்காத கோப்புகளில் உள்ள பழுது அதற்குத் தெரியாது. அவற்றையும் படித்துச் சரிபார்க்கும் பிட்ராட் ஸ்கிரப்பர் 2015இல் குளஸ்டர்எஃப்எஸ்ஸின் 3.7 பதிப்போடு வந்தது. அது தானாக இயங்குவதில்லை. ஒவ்வொரு வால்யூமுக்கும் நிர்வாகிதான் முடுக்கிவிட வேண்டும்.