ஒல்லாந்தர் கால யாழ்ப்பாணத்தில் இல்லச் செபமும் பிள்ளைகளின் ஞானக் கல்வியும்

நாட்டு வரலாறு பெரும்பாலும் அரண்மனையிலும் கோட்டையிலும் தொடங்கிக் கோயில் வாசலோடு நின்றுவிடுகின்றது. வீட்டுப் படலையைத் தாண்டி உள்ளே செல்லும் வரலாற்றாசிரியர் மிகச் சிலரே. இதற்குக் காரணமும் உண்டு. கோட்டையில் எழுத்தர் இருந்தனர்; ஆலயத்தில் பதிவேடுகள் இருந்தன. ஆனால் மாலையில் விளக்கு வைத்தபின் தாயொருத்தி தன் பிள்ளைகளை இருத்திச் சொல்லிக்கொடுத்த செபத்தைக் குறித்துவைக்க எவரும் இருக்கவில்லை. ஆயினும், ஒரு சமயம் அரசின் ஆதரவையும் ஆலயங்களையும் குருமாரையும் ஒருங்கே இழந்த பின்னரும் பல தலைமுறைகள் நிலைத்து நின்றதாயின், அது எங்கே நின்றது என்னும் வினாவை வரலாற்று மாணவர் எழுப்பியே ஆதல் வேண்டும். 1658 முதல் 1796 வரை ஒல்லாந்தர் ஆட்சிக்குட்பட்டிருந்த யாழ்ப்பாணக் கத்தோலிக்கரின் வரலாறு இவ்வினாவுக்கு விடை காண்பதற்கு மிகப் பொருத்தமானதோர் எடுத்துக்காட்டாகும்.

ஆட்சி மாற்றமும் சமயத் தடையும்

1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் தம் ஆட்சியோடு கத்தோலிக்க சமயத்தையும் நிலைநாட்டினர். 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் இடிக்கப்பட்டது. பட்டினத்திலும் கிராமங்களிலும் ஆலயங்கள் எழுந்தன. மதம் மாறியோருள் நம்பிக்கையால் மாறியோரும் இருந்தனர். அச்சத்தாலும் பதவி ஆசையாலும் மாறியோரும் இருந்தனர். எவர் எத்தகையோர் என்பதை அன்று பிரித்தறிதல் இயலாது. அரசின் நிழலில் நிற்கும் எந்தச் சமயத்துக்கும் இந்தக் குறை உண்டு.

1658இல் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் வசமாயிற்று. இறப்பிறமாது சபையைச் சார்ந்த புரட்டஸ்தாந்தரான இவர்கள் கத்தோலிக்கக் குருமாரை வெளியேற்றினர். குருமாருக்கு அடைக்கலம் கொடுப்போர் மரண தண்டனைக்குள்ளாவர் என அதே ஆண்டில் கட்டளை பிறந்தது. தெல்லிப்பழை, மல்லாகம், சங்கானை, வட்டுக்கோட்டை, பண்டத்தரிப்பு முதலிய இடங்களிலிருந்த கத்தோலிக்க ஆலயங்கள் புரட்டஸ்தாந்து ஆலயங்களாகவும் பள்ளிக்கூடங்களாகவும் மாற்றப்பட்டன. அக்காலத்தில் யாழ்ப்பாணத்திற் பணிபுரிந்த பிலிப்பு பால்தேயு பாதிரியார் 1672இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியிட்ட நூலில் இவ்வாலயங்களைப் படங்களுடன் விபரித்துள்ளார்.

இவ்வாறு நேற்றுவரை ஆளுவோரின் சமயமாயிருந்த கத்தோலிக்கம் ஒரே ஆண்டில் தடைசெய்யப்பட்ட சமயமாயிற்று. உண்மையான சோதனை இதன் பின்னரே ஆரம்பமாயிற்று எனலாம்.

பகலிற் பள்ளியும் மாலையில் வீடும்

ஒல்லாந்தரின் சமயக் கொள்கையின் மையத்தில் இருந்தது பள்ளிக்கூடமேயாகும். ஒவ்வொரு கோயிற்பற்றிலும் பள்ளிக்கூடம் அமைந்தது. பிள்ளைகளின் வரவு கட்டாயமாக்கப்பட்டது. வராதோரின் பெற்றோர்மீது தண்டப்பணம் விதிக்கப்பட்டது. பள்ளி ஆசிரியர் பாடம் சொல்லுபவர் மட்டுமல்லர். ஞானஸ்நானங்களையும் விவாகங்களையும் பள்ளித் தோம்பிற் பதிபவரும் அவரே. அத்தோம்பிற் பெயரில்லாதவர் சட்டப்படியான விவாகத்தையும் முதுசச் சொத்துரிமையையும் நிரூபிப்பது கடினமாயிற்று. அரச உத்தியோகம் பெறவும் ஞானஸ்நானம் வேண்டப்பட்டது. கர்த்தர் கற்பித்த செபம், விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளைகள் ஆகியவற்றைப் பிள்ளைகள் மனனஞ் செய்து, பள்ளிகளைப் பார்வையிட வருவோர் முன்னிலையில் ஒப்புவித்தல் வேண்டும்.

எனவே, கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளையின் நிலை இரண்டாகப் பிளவுபட்டது. பகலிற் பள்ளியில், மாதாவை வணங்குதலும் சுரூபங்களை வணங்குதலும் பிழையெனக் கேட்ட பிள்ளை, மாலையில் வீட்டில் மாதாவை நோக்கிய மன்றாட்டைக் கேட்டது. பள்ளியிற் சொன்னதை வீட்டில் மறுக்கவும் வேண்டும். வீட்டிற் சொன்னதைப் பள்ளியில் மறைக்கவும் வேண்டும். சிறு பிள்ளை ஒன்றின் நாவு தவறினால் குடும்பம் முழுவதுக்கும் துன்பம் நேரக்கூடும். தம் சமயத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதா, அன்றி அவர்களின் பாதுகாப்புக் கருதி விட்டுவிடுவதா என்பதே அக்காலப் பெற்றோர் முன்னின்ற உண்மையான வினா. பொது வாழ்வில் ஒல்லாந்தர் கோயிலில் ஞானஸ்நானமும் விவாகமும் பெற்றுக்கொண்டு, வீட்டளவிற் கத்தோலிக்கராக வாழ்ந்தோர் பலர். அவர்களைக் கோழைகள் எனக் கூறுதல் எளிது. ஆனால் முதுசக் காணியையும் பிள்ளைகளின் எதிர்காலத்தையும் தோம்புப் புத்தகம் ஒன்று தன் கைக்குள் வைத்திருந்த காலத்தில், அவர்கள் வேறு எவ்வாறு நடந்திருத்தல் கூடும் என்பதும் சிந்தித்தற்குரியது.

குருவில்லாத 29 ஆண்டுகள்

1658 முதல் 1687 வரையான 29 ஆண்டுகளில் யாழ்ப்பாணக் கத்தோலிக்கருக்கு நிலையாகத் தங்கிப் பணிபுரியும் குரு எவரும் இருக்கவில்லை. இக்கால அளவின் பொருளை நன்கு உணர்தல் வேண்டும். 1658இல் 5 வயதாயிருந்த குழந்தை 1687இல் 34 வயதடைந்து, தானே பிள்ளைகளைப் பெற்ற தாயாகவோ தந்தையாகவோ ஆகியிருக்கும். அந்தப் பிள்ளைகள் குருவைக் கண்டதில்லை; திருப்பலியைக் கண்டதில்லை. ஆயினும் 1687இல் கத்தோலிக்கர் இருந்தனர். ஒரு தலைமுறை இடைவெளியைக் கடந்து அந்நம்பிக்கை வந்து சேர்ந்ததாயின், அதற்குரிய முதன்மையான பாதை வீடாகவே இருந்திருத்தல் வேண்டும்.

இல்லச் செபம் இவ்வாறு நிலைக்க இரு காரணங்களைக் குறிப்பிடலாம். முதலாவது, மொழி. ஆலயத் திருவழிபாட்டின் மொழி இலத்தீனாக இருந்தபோதிலும், மக்களின் செபங்கள் 16ஆம் நூற்றாண்டிலேயே தமிழாக்கப்பட்டுவிட்டன. முத்துக்குளித்துறையிலும் மன்னாரிலும் பணியாற்றிய அன்றிக்கு அன்றிக்கசு அடிகளார் 1578இல் கொல்லத்தில் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’, 1579இல் கொச்சியில் அச்சிட்ட ‘கிரீசித்தியானி வணக்கம்’ ஆகியன இப்பணியின் பயன்களாகும். பின்னைய நூல் வினாவிடை வடிவிலானது. அதாவது, கேட்பவரும் சொல்பவரும் எதிரெதிரே அமர்ந்து கற்பதற்கேற்றது. தாய்மொழியில் அமைந்த செபத்தைத் தாயே சொல்லிக்கொடுக்கலாம். அதற்குக் குரு தேவையில்லை.

இரண்டாவது, செபமாலையின் அமைப்பு. செபமாலை சொல்வதற்கு நூல் வேண்டியதில்லை; எழுத்தறிவும் வேண்டியதில்லை. மணிமாலை கையிலிருப்பது ஆபத்தெனில் விரல்களால் எண்ணியும் சொல்லலாம். ஒருவர் மன்றாட்டின் முற்பாதியைச் சொல்ல, ஏனையோர் பிற்பாதியைச் சொல்வர். ஆகவே மிகச் சிறிய பிள்ளைக்கும் அதிற் பங்குண்டு. வெறுமனே கேட்டுக்கொண்டிருப்பதற்கு இடமில்லை. அக்காலத்தில் அதற்கிருந்த 15 தேவ இரகசியங்களோ சந்தோஷம், துக்கம், மகிமை என்னும் வரிசையில் கிறிஸ்துநாதரின் பிறப்பு முதல் உயிர்ப்புவரையான வரலாற்றை நினைவூட்டின. நூலில்லாத வீட்டில் செபமாலையே நூலாயிற்று. குருவில்லாத வீட்டில் மூத்தோரே ஞானோபதேசியராயினர்.

வாஸ் அடிகளாரின் வருகை

1651இற் கோவாவிற் பிறந்த யோசேப் வாஸ் அடிகளார், கூலியாள் வேடத்தில் தூத்துக்குடியிலிருந்து புறப்பட்டு 1687இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். கடும் நோயிலிருந்து மீண்ட அவர் தன்னைக் குருவென வெளிப்படுத்திக்கொள்ளவில்லை. கழுத்திற் செபமாலையை அணிந்துகொண்டு பிச்சைக்காரரைப் போல் வீடு வீடாகச் சென்றார் என்பது அவர் வரலாற்றைக் கூறுவோர் அனைவரும் எடுத்துரைக்கும் செய்தியாகும். செபமாலையைக் கண்டவுடன் எவர் முகம் மாறுகின்றதோ அவரே கத்தோலிக்கர் எனக் கண்டுகொள்வது அவர் எண்ணம். இங்கு ஒரு நுட்பம் நோக்கற்பாலது. ஆலயம் எதுவென அவர் தேடவில்லை. வீடு எதுவெனவே தேடினார். அடையாளமாகக் கொண்டதும் வீட்டுச் செபத்தின் கருவியையே.

பின்னர் சில்லாலை அவருக்குப் புகலிடமாயிற்று. பகலில் மறைந்திருந்து இரவில் வீடுகளிற் கூடிய மக்களுக்குத் திருப்பலி ஒப்புக்கொடுத்தார். 1689ஆம் ஆண்டுக் கிறிஸ்மஸ் இரவில் அத்தகைய கூட்டங்களை ஒல்லாந்தர் முற்றுகையிட்டுப் பலரைச் சிறைப்பிடித்தனர். அடிகளார் தப்பினார், பிடிபட்டோர் கடும் தண்டனைக்குள்ளாயினர். அதன்பின் புத்தளம் சென்ற அவர், 1692இற் கண்டி இராச்சியத்தை அடைந்து, 1711 சனவரி 16ஆம் நாள் அங்கேயே காலமானார்.

அவரும் அவரைப் பின்தொடர்ந்த ஒறற்றோரியன் குருமாரும் ஏற்படுத்திய ஒழுங்கு கவனத்துக்குரியது. குரு வராத காலங்களில் மக்களைக் கூட்டிச் செபம் நடத்தவும் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் கற்பிக்கவும் மூப்பர், அண்ணாவியார் போன்ற பொதுநிலையினர் பொறுப்பாயினர். வீட்டில் தானாக நிகழ்ந்துவந்ததை ஊரளவில் ஒழுங்குபடுத்தியதே இவ்வேற்பாடாகும். 1705இல் இலங்கைக்கு வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் சிங்களத்திலும் தமிழிலும் நூல்களை ஆக்கி இதற்கு உரமூட்டினார். கொழும்பில் ஒல்லாந்தர் அச்சகத்திலிருந்து 1737 முதல் செபநூல்கள் வெளிவரலாயின. கத்தோலிக்கருக்கோ அச்சகம் இல்லை. கொன்சால்வெஸ் அடிகளாரின் நூல்கள் ஏட்டிற் பிரதிசெய்யப்பட்டுக் கைமாறின. அவருடைய ‘வியாகுல பிரசங்கம்’ தவக்காலத்தில் ஒருவர் வாசிக்க ஏனையோர் கூடியிருந்து கேட்கும் நூலாக நிலைபெற்றது.

சைவ வீடுகளும் இதே வழியும்

இது கத்தோலிக்கருக்கு மட்டும் உரிய அனுபவமன்று. போர்த்துக்கேயர் காலத்திலும் ஒல்லாந்தர் காலத்திலும் சைவமக்களும் இதே நெருக்கடிக்குள்ளாயினர். விரத நாளில் வாழையிலையில் உண்டவர், அது வெளியே தெரியாதபடி அவ்விலையைக் கூரைக்குட் செருகி மறைத்தனர் என்னும் கர்ணபரம்பரைச் செய்தி யாழ்ப்பாணத்தில் இன்றும் வழங்குகின்றது. ஓரிடத்தில் செபமாலை மறைக்கப்பட்டது. மற்றோரிடத்தில் வாழையிலை மறைக்கப்பட்டது. ஒரே ஊரில், ஒரே பள்ளித் தோம்பில் கிறிஸ்தவராகப் பதியப்பட்டிருந்த இரு வீட்டாரும், மாலையில் தத்தம் கதவைச் சாத்தியபின் தத்தம் முன்னோரின் வழியில் வணங்கினர். முன்னைய ஆட்சியில் சைவரை ஒடுக்கிய கோயிலைச் சார்ந்தோரே பின்னைய ஆட்சியில் ஒடுக்கப்பட்டோராயினர் என்பதை மறந்து இவ்வரலாற்றை எழுதுதல் நேர்மையாகாது.

தோம்புச் சமயமும் வீட்டுச் சமயமும்

1796இல் ஒல்லாந்தர் ஆட்சி முடிவுற்றது. 1806இல் ஆங்கில அரசு கத்தோலிக்கருக்கெதிரான தடைகளை நீக்கி, அவர்தம் விவாகங்களையும் ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டில் யாழ்ப்பாணத்துக்கு வந்த குளோடியஸ் புக்கனன் பாதிரியார், பால்தேயுவின் நூலிற் படங்களாகக் காணப்பட்ட ஆலயங்களுட் பல பாழடைந்து கிடந்ததையும், கோவாக் குருமார் சில ஆலயங்களிற் பணிபுரிந்ததையும் கண்டு வருந்தி எழுதினார். 138 ஆண்டுகள் பள்ளிக்கூடம், தோம்பு, தண்டப்பணம், உத்தியோகம் ஆகிய அனைத்தையும் துணையாகக் கொண்டிருந்த சமயம், அத்துணை நீங்கியதும் பெரும்பாலோரிடத்து மறைந்தது. எத்துணையுமின்றி வீட்டில் வளர்ந்தவை வெளியே வந்தன.

இதனால் வீடு ஒன்றே காரணம் என முடிவு செய்தலும் பொருந்தாது. ஒறற்றோரியன் குருமாரின் இடையறாத வருகையும், கண்டி மன்னர் அளித்த புகலிடமும், 18ஆம் நூற்றாண்டிற் படிப்படியாகத் தளர்ந்த ஒல்லாந்தரின் கெடுபிடியும் துணைக்காரணங்களாகும். ஆனால் குரு வந்தபோது அவரை வரவேற்க ஒரு மக்கட்கூட்டம் எஞ்சியிருந்தமைக்கு வீடே காரணம். இன்னொன்றும் கூறப்படல் வேண்டும். வீடு தான் வைத்திருந்த அனைத்தையும் பிள்ளைகளுக்குக் கொடுத்தது. செபத்தோடு சாதியுணர்வையும் அதே முற்றத்திலேயே கற்றுக்கொடுத்தது. செபம் நிலைத்ததுபோலவே அதுவும் நிலைத்தது. வீட்டுக் கல்வியின் வலிமையைப் போற்றுவோர் அதன் இந்த மறுபக்கத்தையும் காணக் கடமைப்பட்டவராவர்.

முடிவுரை

2015 சனவரி 14ஆம் நாள் கொழும்புக் காலிமுகத் திடலிற் பாப்பரசர் பிரான்சிஸ் அவர்களால் யோசேப் வாஸ் அடிகளார் புனிதராகப் பிரகடனஞ் செய்யப்பட்டார். கோட்டைப் பீரங்கிகளுக்குத் தடையற்ற வெளி வேண்டுமென ஒல்லாந்தர் திறந்துவைத்த திடல் அது. ஒரு காலத்தில் இரவில் மட்டும் நடமாடியவரின் பெயர் பட்டப்பகலில் அங்கு முழங்கியது. ஆனால் அவருக்குக் கதவு திறந்த சில்லாலை வீட்டார் பெயர்கள் எந்தப் பட்டியலிலும் முழங்கவில்லை. அவர் வருமுன் 29 ஆண்டுகள் நாள்தோறும் பிள்ளைகளை இருத்தி முற்பாதியைச் சொல்லிப் பிற்பாதிக்காகக் காத்திருந்த தாய்மாரையும் பேத்திமாரையும் பற்றி ஒல்லாந்தரின் தோம்புகள் எதுவும் கூறுவதில்லை. அப்பிற்பாதியை அன்று சொன்ன பிள்ளைகள், தாம் பெற்றோரானபோது முற்பாதியைச் சொன்னார்கள். யாழ்ப்பாணக் கத்தோலிக்கரின் தொடர்ச்சி இந்த எளிய செயலில் அடங்கியிருந்தது என்பதே இவ்வரலாறு புலப்படுத்தும் உண்மையாகும்.