வீட்டுக் கிரைண்டர்: மின்பழுதும் அதைக் கண்டறிதலும்

மாவரைக்கும் கிரைண்டர் என்பது கல் உரல், அதில் உருளும் குழவி, இவற்றை இயக்கும் ஒற்றை பேஸ் மோட்டார் ஆகியவை சேர்ந்த வீட்டு இயந்திரம். கல் எளிதில் கெடுவதில்லை, தேய்ந்தால் கொத்திக்கொள்ளலாம். பல ஆண்டுகள் ஓடிய கிரைண்டர் ஒருநாள் நின்றுபோனால், காரணம் பெரும்பாலும் மோட்டாரிலோ அதற்குக் கரண்ட் கொண்டுபோகும் நான்கைந்து சிறு பாகங்களிலோ இருக்கும். ‘காயில் போச்சு’ என்று பரணுக்கு அனுப்பப்படும் கிரைண்டர்கள் பலவற்றில் காயில் நன்றாகவே இருக்கும். கெட்டது வயரோ, ஸ்விட்சோ, கண்டன்சரோதான்.

கோவையைச் சேர்ந்த பி. சபாபதி 1955-இல் உருவாக்கிய இயந்திரம் இதன் முன்னோடியாகக் கருதப்படுகிறது. கோயம்புத்தூர் கிரைண்டர் பின்னாளில் புவிசார் குறியீடும் பெற்றது. பெரம்பலூர், அரியலூர் மாவட்ட வீடுகளில் இன்று இரண்டு தலைமுறைக் கிரைண்டர்களைப் பார்க்கலாம். ஒன்று, கல்யாணச் சீராக வந்து, இரும்புச் சட்டத்தில் சமையலறை மூலையில் நிற்கும் பெரிய கிரைண்டர். மற்றது மேசைமேல் வைக்கும் சிறியது. தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டம் இந்தச் சிறிய கிரைண்டரைக் குன்னம், வேப்பந்தட்டை, செந்துறை, ஆண்டிமடம் வட்டங்களின் சிற்றூர்கள் வரை கொண்டுசேர்த்தது. அப்போது வந்தவற்றில் பலவும் பத்து வயதைத் தாண்டிவிட்டன. பழுது கேட்கிற வயது அது.

பழுதைப் புரிந்துகொள்ள மோட்டாரின் குணம் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒற்றை பேஸ் மின்சாரம் மட்டும் நின்றிருக்கும் மோட்டாரைச் சுழலவைக்காது; ‘ம்ம்’ என்று உறுமவைக்கும், அவ்வளவுதான். அதைக் கிளப்பிவிட இரண்டாவதாக ஒரு காயிலும், அதோடு தொடராக இணைந்த ஒரு கண்டன்சரும் வேண்டும். கண்டன்சர் இரண்டு காயில்களிலும் ஓடும் மின்னோட்டத்துக்கு நடுவே ஒரு நேர இடைவெளியை உண்டாக்குகிறது. அதனால் காந்தப்புலம் சுழல, மோட்டாரும் சுழல்கிறது. மேசைக் கிரைண்டர்களில் கண்டன்சர் பொதுவாக ஓட்டம் முழுவதும் இணைப்பிலேயே இருக்கும். பழைய பெரிய கிரைண்டர்கள் பலவற்றில் மோட்டார் வேகம் பிடித்ததும், தண்டில் பொருத்திய ஒரு ஸ்விட்ச் சுழற்சி விசையால் விலகி, கண்டன்சரையும் கிளப்பும் காயிலையும் துண்டித்துவிடும். நான்கு துருவ மோட்டாரானால், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நிமிடத்துக்கு 1500 சுற்றுக்குச் சற்றுக் குறைவாக ஓடும். பெல்ட்டும் புல்லியும் அந்த வேகத்தைக் குறைத்து உரலுக்குக் கொடுக்கின்றன.

பழுது தேடும் வேலை காதில் தொடங்குகிறது.

ஸ்விட்சைப் போட்டதும் சத்தமே இல்லையென்றால், கரண்ட் வழியில் எங்கோ அறுந்திருக்கிறது. அதே பிளக் பாயின்டில் வேறொரு கருவியைப் போட்டுப் பார்ப்பது முதல் படி. அடுத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு வயரைத் தலைமுதல் கால்வரை தடவிப் பார்க்க வேண்டும். கிரைண்டரை நகர்த்தும் ஒவ்வொரு முறையும் வயர் உடலுக்குள் நுழையும் இடத்தில்தான் மடங்குகிறது. மேலுறை முழுசாக இருக்க, உள்ளே செம்புக் கம்பி முறிந்திருக்கும். நெல்லும் மக்காச்சோளமும் அடுக்கிய வீடுகளில் எலிக்கடியும் சகஜம். வயர் நன்றாக இருந்தால் அடுத்தது ஸ்விட்ச். ஈரக்கையாலும் மாவுக்கையாலும் தொடப்படும் பாகம் என்பதால் அதன் முனைகள் கறுத்துப் பச்சை பூத்துவிடுகின்றன. சில மாடல்களில் சுமை மிகுந்தால் தானே துண்டித்துக்கொள்ளும் ஒரு சிறு பொத்தான் அடிப்பக்கத்தில் உண்டு. மோட்டார் ஆறியபின் அதை அழுத்தினாலே ஓடத் தொடங்கும் கிரைண்டர்களும் கடைக்கு வருகின்றன.

உறுமுகிறது, சுற்றவில்லை என்றால் கதை வேறு. உடனே ஸ்விட்சை அணைக்க வேண்டும்; நின்ற நிலையில் மோட்டார் இழுக்கும் மின்னோட்டம் ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு, சில நிமிடங்களில் காயிலைக் கருக்கிவிடும். பிளக்கைப் பிடுங்கி, பெல்ட்டைக் கழற்றி, மோட்டார் புல்லியையும் உரலையும் தனித்தனியே கையால் சுற்றிப் பார்த்தால் பாதி விடை கிடைக்கும். புல்லி சுற்ற மறுத்தால் பேரிங்கோ புஷ்ஷோ துருவேறி இறுகியிருக்கிறது. உரல் மறுத்தால், அடியில் இறங்கி உலர்ந்த மாவு கெட்டியாகப் பிடித்திருக்கிறது. இரண்டும் லேசாகச் சுற்றினால் சந்தேகம் கண்டன்சர்மேல் விழ வேண்டும். பெரிய கிரைண்டராக இருந்தால், மாவுத்தூளும் எண்ணெய்ப் பிசுக்கும் ஏறி ஒட்டிக்கொண்ட அந்தத் தண்டு ஸ்விட்சையும் பார்க்க வேண்டும்.

கண்டன்சரைச் சோதிக்க, மைக்ரோ ஃபாரட் அளக்கும் மல்டிமீட்டர் போதும். உறையில் அச்சிட்ட அளவிலிருந்து பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தால் மாற்றிவிடலாம். புதியது அதே மைக்ரோ ஃபாரடும், அதே அல்லது அதற்குமேல் வோல்டேஜ் தாங்கும் திறனும் கொண்டதாக இருக்க வேண்டும். ‘கொஞ்சம் பெரிசாப் போடுங்க, நல்லா இழுக்கும்’ என்று கேட்டு மாற்றினால் கிளப்பும் காயில் சூடேறிக் கெடும். கண்டன்சரை நேரடியாக மெயின் கரண்டில் தொட்டு ‘சார்ஜ்’ செய்து, முனைகளை உரசித் தீப்பொறி பார்க்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அதில் கண்டன்சர் வெடிக்கலாம். கையும் கண்ணும் போகலாம். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் கண்டன்சரில் மின்னேற்றம் தங்கியிருக்கும் என்பதால், தொடுமுன் ஒரு குண்டு பல்பின் வழியே அதை வடித்துவிடுவார்கள் விவரமறிந்த மெக்கானிக்குகள்.

ஓடுகிறது, ஆனால் திணறிச் சுடுகிறது என்ற புகாருக்குக் காரணம் கிரைண்டருக்கு வெளியிலும் இருக்கலாம். மோட்டாரின் சுழற்று விசை வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 180 வோல்ட் வந்தால் விசை கால்பங்கு குறைவதோடு நிற்பதில்லை. நூற்றில் 61 ஆக இறங்கிவிடுகிறது. டிரான்ஸ்பார்மரிலிருந்து வெகுதொலைவில், லைனின் கடைசியில் இருக்கும் வீட்டுக்கு, அதே லைனில் வயல் மோட்டார்கள் ஓடும் நேரத்தில் இப்படி நேர்வது உண்டு. சின்ன வெங்காயத்துக்கும் பருத்திக்கும் கிணற்றுநீர் இறைக்கும் இந்த வட்டாரத்தில் காலையில் அரைத்தால் திணறும் கிரைண்டர் இரவில் நன்றாக ஓடினால், மோட்டாரைப் பிரிப்பதற்கு முன் பிளக் பாயின்டில் வோல்டேஜை இரண்டு நேரங்களிலும் அளக்க வேண்டும். குறை லைனில் என்றால் மின்வாரியத்திடம் முறையிடுவதே தீர்வு. 2021 முதல் அதற்காக மின்னகம் என்ற சேவை மையம் இயங்குகிறது. வோல்டேஜ் சரியாக இருந்தும் சுட்டால், விலகாமல் ஒட்டிக்கொண்ட தண்டு ஸ்விட்ச், மிக இறுக்கிய பெல்ட், தேய்ந்த பேரிங், காயிலின் சுற்றுகளுக்குள் ஷார்ட் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

எல்லாப் பழுதிலும் மிகக் கவலைக்குரியது ஷாக். கிரைண்டர் ஓடிக்கொண்டே இருப்பதால் ‘லேசா விறுவிறுங்குது’ என்று பொறுத்துக்கொள்ளப்படுவது அதுதான். ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்று, ஈரக்கையால் மாவை வழிப்பவருக்கு அது உயிர்ப் பிரச்சினை. பிளக்கைத் திருப்பிப் போட்டுப் பார்ப்பதும் செருப்பு போட்டுக்கொள்வதும் வைத்தியம் ஆகாது. உரலின் தண்டு வழியாக இறங்கிய மாவுத்தண்ணீர் மோட்டாரை நனைத்திருக்கலாம். உறை உரிந்த வயர் இரும்புச் சட்டத்தைத் தொட்டிருக்கலாம். அந்தக் கசிவு ஆளைத் தாக்குகிறதென்றால் எர்த் இணைப்பும் செயலிழந்திருக்கிறது என்று பொருள். மூன்று முனை பிளக்கின் பெரிய முனையை உடைத்துவிட்டு இரண்டு முனைப் பாயின்டில் செருகிய வீடுகளில் எர்த் என்ற பேச்சுக்கே இடமில்லை.

எர்த் குழி இருந்தும் பயனற்றுப்போவது இம்மாவட்டங்களில் கவனிக்கவேண்டிய விஷயம். இங்கே பரவலாக உள்ள கரிசல் மண் ஈரத்தில் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். கோடையில் சுருங்கி வெடித்து, புதைத்த குழாயை விட்டு விலகிவிடும். உப்பும் கரியும் போட்ட குழியானாலும் வெயில்காலத்தில் தண்ணீர் ஊற்றி வந்தால்தான் எர்த் வேலை செய்யும். இதோடு, 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சாதனத்தை மெயின் போர்டில் மாட்டுவது அவசியம். பழைய கிரைண்டரைப் பழுதுபார்க்கச் செலவழிக்கும் குடும்பம், முதல் செலவாக இதைச் செய்யலாம்.

மெக்கானிக்குகளின் பழைய ஆயுதம் சீரியல் லேம்ப்: வயரின் ஒரு தடத்தில் 100 வாட் குண்டு பல்பைத் தொடராகக் கட்டிய சோதனை விளக்கு. எல்.இ.டி. பல்பு இதற்கு ஆகாது. காயிலின் இரு முனைகளில் வைத்தும் பல்பு எரியவில்லையென்றால் காயில் அறுந்திருக்கிறது. ஒரு முனையைக் காயிலிலும் மறுமுனையை மோட்டார் உடலிலும் வைத்தபோது எரிந்தால் காயில் உடலைத் தொட்டிருக்கிறது. ஆனால் சுற்றுகளுக்குள் நடக்கும் ஷார்ட்டை இது காட்டிக்கொடுக்காது. நல்ல காயிலிலும் பல்பு வெளிச்சமாகவே எரியும். ஈரக்கசிவும் இதில் தெரியாது. அதற்கு மின்காப்பின் தடையை அளக்கும் 500 வோல்ட் மெக்கர் வேண்டும். காயிலுக்கும் உடலுக்கும் இடையே ஒரு மெகா ஓமாவது காட்ட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்து மதிப்பு இறங்கிய மோட்டாரை வெயிலிலோ குண்டு பல்பின் சூட்டிலோ ஓரிரு நாள் உலர்த்தினால் பலமுறை தேறிவிடுகிறது.

உண்மையிலேயே காயில் எரிந்திருந்தால் அதன் வார்னிஷ் கருகிய நாற்றமே சொல்லிவிடும். பெரம்பலூரிலும் ஜெயங்கொண்டத்திலும் வயல் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர்களுக்குக் கிரைண்டர் மோட்டார் சின்ன வேலை. பழைய காயிலை அறுக்குமுன் சுற்றுகளின் எண்ணிக்கையையும் கம்பியின் கனத்தையும் குறித்துக்கொண்டு, அதே கணக்கில் புதுச் செம்புக் கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைப்பார்கள். விலை குறைந்த மோட்டார்கள் சிலவற்றில் அலுமினியக் கம்பி இருக்கும். அவற்றுக்குக் காயில் கட்டும் கூலி புது மோட்டாரின் விலையை நெருங்கினால் முழு மோட்டாரையே மாற்றுவது லாபம். எப்படிச் செய்தாலும், கடையிலிருந்து திரும்பிய மோட்டாரை முதலில் பெல்ட் மாட்டாமல் சிறிது நேரம் ஓடவிட்டு, பிளக்கைப் பிடுங்கி, அதன் எர்த் முனைக்கும் கிரைண்டரின் இரும்புச் சட்டத்துக்கும் தொடர்பு இருக்கிறதா என்று மல்டிமீட்டரில் பார்த்த பிறகே அரிசியைப் போட வேண்டும்.