கருகமணி கடந்து வந்த பாதை



சென்ற ஆண்டு, நம் மதரஸாவில் ஓதும் மாணவி ஒருத்தியின் தாயார் நம்மைக் காண வந்தார். கணவரை இழந்து இத்தா இருந்து முடித்தவர். கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்த கருகமணியை மேசை மீது வைத்துவிட்டு, "ஹஜ்ரத், அவர் மவுத்தான அன்றே இதை அறுத்துவிட்டார்கள். கொஞ்சம் மணிகள் சிதறிப் போயின. மிச்சத்தைக் கடலில் போடு என்கிறார் மாமி. இதை முதலிலேயே அணிந்திருக்கக் கூடாது, மாற்றாரின் வழக்கம் என்கிறான் மகன். நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டார்.

மார்க்கத்தின் விடையைச் சொல்ல நெடுநேரம் ஆகவில்லை. நிகாஹ் என்பது வலீ, சாட்சிகள், ஈஜாப் கபூல், மஹர் ஆகியவற்றால் அமைவது. கருகமணி அவற்றுள் ஒன்றன்று. அதைக் கட்டாததால் நிகாஹ் குறைவதும் இல்லை. அது அறுந்ததால் எதுவும் முறிவதும் இல்லை. கணவனை இழந்தவள் நான்கு மாதமும் பத்து நாளும் அலங்காரத்தைத் தவிர்க்கிறாள். அந்த நாட்கள் கழிந்தபின் அந்த மணிகள் அவளுடைய உடைமை, அவ்வளவே. இதைச் சொல்லி முடித்தபோது, தாயின் பின்னால் நின்றிருந்த மாணவி கேட்டாள்: "இந்த மணியை யார் செய்கிறார்கள், ஹஜ்ரத்?"

நமக்குத் தெரியவில்லை. கூடும், கூடாது என்று பல ஆண்டுகளாகப் பேசிவந்த ஒரு பொருள் எதனால் ஆனது என்பதைக்கூட நாம் விசாரித்ததில்லை. அந்த வெட்கமே இக்கட்டுரைக்குக் காரணம்.

கருகமணி, சில ஊர்களில் கருசமணி, கண்ணாடியால் ஆனது. மணலும் உவர்மண்ணின் காரமும் சேர்ந்து உலையில் உருகினால் கண்ணாடி. அதனுடன் தாமிரம் சேர்ந்தால், உலையின் காற்றோட்டத்தைப் பொறுத்து, நீலமாகவோ பச்சையாகவோ செங்கல் நிறச் சிவப்பாகவோ மாறும். இரும்பும் மாங்கனீசும் மிகுந்தால் இருண்டு கறுப்பாகும். கறுப்பு மணி ஒன்றை வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். பலவற்றில் அந்தக் கறுப்பு உண்மையில் மிக அடர்ந்த ஊதாவோ பச்சையோ ஆகும்.

இக்கலையின் மிகப் பழைய களங்களுள் ஒன்று நம் கடற்கரையிலேயே இருக்கிறது. புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேடு. 1945இல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழாய்வு செய்தபோது, உரோமானியர் தொடர்பைக் காட்டிய மட்பாண்டங்களே பெரிதாகப் பேசப்பட்டன. மழைக்குப் பின் மண்ணில் மின்னும் சிறு மணிகளை ஊர்ச்சிறுவர்கள் பொறுக்கி விளையாடியதை யாரும் பெரிதாக எண்ணவில்லை. அந்த மணிகளின் பெருமையை உலகுக்கு எடுத்துச் சொன்னவர் பீட்டர் பிரான்சிஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர். பெரும்பாலும் ஆறு மில்லிமீட்டருக்கும் குறைவான அந்த மணிகளுக்கு 'இந்தோ பசிபிக் மணிகள்' என்று அவர் பெயரிட்டார். ஆப்பிரிக்காவின் கீழைக்கரை முதல் கொரியா வரை அவை கிடைத்திருக்கின்றன. இலங்கையின் மாதோட்டத்திலும், தாய்லாந்தின் குலோங் தோமிலும், வியட்நாமின் ஓக் ஏயோவிலும் இதே முறையில் மணி செய்யும் பட்டறைகள் எழுந்தன. கிழக்கே திமோர்த் தீவில் பழைய செம்மணிகளை 'முத்திசாலா' என்கிறார்கள். பொய் முத்து என்று பொருள். பொய் என்று பெயர் வைத்துவிட்டு, தலைமுறை தலைமுறையாகப் பெண்ணுக்குச் சீராகக் கொடுத்துப் பாதுகாக்கிறார்கள்!

அவ்வளவு சிறிய மணியில் துளை எப்படி விழுந்தது? கண்ணாடியைத் துளைத்து மணி செய்வதில்லை, துளையைச் சுற்றியே கண்ணாடியை இழுக்கிறார்கள். திருப்பதிக்கு அருகே பாப்பாநாயுடுபேட்டை என்ற ஊரில் இம்முறை இருபதாம் நூற்றாண்டிலும் உயிரோடு இருந்ததைப் பிரான்சிஸ் நேரில் கண்டு பதிவு செய்தார். உருகிய கண்ணாடியை 'லாடா' எனப்படும் நீண்ட இரும்புக் குழலின் நுனியில் பெரிய திரளாகச் சேர்த்து, உருட்டிக் கூம்பாக்குகிறார்கள். குழலின் உள்ளே ஒரு கம்பியைச் செலுத்தி, கூம்பின் நடுவே துளையைத் திறக்கிறார்கள். அந்தக் கூம்பை உலைக்குள் வைத்தால், எதிர்ப்புறம் அமர்ந்திருக்கும் மூத்த கைவினைஞர் அதன் நுனியைக் கொக்கியால் பற்றி இழுக்கத் தொடங்குகிறார். பாகிலிருந்து கம்பி இழுப்பது போலக் கண்ணாடி நீள்கிறது. உள்ளே இருக்கும் துளையும் அறுபடாமல் கூடவே நீள்கிறது. உலையின் அனலுக்கு முன் மணிக்கணக்கில் இந்த இழுப்பு நடக்கும். சற்று விரைந்தால் குழாய் மெலிந்துவிடும், சற்றுத் தாமதித்தால் தடித்துவிடும். அவருக்கு அளவுகோல் கையே.

பிறகு குழாய்களைக் கட்டாகப் பிடித்து, நிறுத்திவைத்த உளியின் மேல் வைத்து, மணி மணியாக நறுக்குகிறார்கள். அப்போது விளிம்புகள் கூராக இருக்கும். நூலையும் அறுக்கும், கழுத்தையும் கீறும். எனவே சாம்பலோடு கலந்து மீண்டும் சூடேற்றுகிறார்கள். விளிம்பு உருண்டுவிடும், துளைக்குள் புகுந்த சாம்பல் அது மூடிப்போகாமல் காக்கும். பின்பு சலித்து, தரம் பிரித்து, கோக்கிறார்கள். ஒரு சரம் கருகமணிக்குள் இத்தனை கைகள் இருக்கின்றன.

இம்மணிகள் கடல் கடந்ததில் முஸ்லிம் வணிகர்களின் பங்கு பெரிது. 1352இல் சஹாராவைக் கடந்து மாலி நாட்டுக்குச் சென்ற இப்னு பதூதா, அவ்வழிப் பயணிகள் பணம் எடுத்துச் செல்வதில்லை என்றும், உப்புத் துண்டுகளும் நறுமணப் பொருள்களும் கண்ணாடி மணிச்சரங்களுமே வழிச்செலவுக்குப் போதும் என்றும் எழுதியிருக்கிறார். ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் லிம்போப்போ ஆற்றங்கரையில், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மக்கள், இந்தியப் பெருங்கடல் வழியே வந்த சிறு மணிகளைக் களிமண் அச்சில் இட்டு மீண்டும் உருக்கி, தமக்குப் பிடித்த பெரிய மணிகளாக வார்த்துக்கொண்டார்கள். பின்னாளில் போர்த்துக்கீசியர் சோபாலாவில் தங்கள் நாட்டு மணிகளை விற்க முயன்றபோது, அம்மக்கள் அவற்றைத் தள்ளிவிட்டு, பழகிய இந்திய மணிகளையே கேட்டார்கள்.

இதோடு நிறுத்திவிட்டால் வரலாறு இனிப்பாக இருக்கும். ஆனால் மணிகளைக் கொடுத்துத் தங்கமும் தந்தமும் மட்டும் வாங்கப்படவில்லை, மனிதர்களும் வாங்கப்பட்டார்கள். அட்லாண்டிக் கடலில் ஐரோப்பியர் நடத்திய அடிமை வணிகத்தில் வெனிஸ் நகரத்து மணிகள் விலைப்பொருளாக இருந்தன. கீழைக்கரையின் அடிமை வணிகத்திலோ முஸ்லிம்களும் இருந்தார்கள். அடிமையை விடுதலை செய்வதை இபாதத்தாக ஆக்கிய மார்க்கத்தைச் சேர்ந்தவர்கள் நாம். இதை மறைத்து எழுத நமக்கு மனம் வரவில்லை.

மணி செய்த முஸ்லிம்களும் உண்டு. பலஸ்தீனத்தின் அல்கலீல் நகரில் கண்ணாடிப் பட்டறைகள் பல நூற்றாண்டுகளாக எரிந்துவருகின்றன. நைஜீரியாவின் பிடா நகரில் 'மசாகா' என்னும் கைவினைஞர் குழு, பழைய புட்டிகளை உருக்கி மணியும் வளையலும் செய்கிறது. முன்பு மண்ணிலிருந்தே கருங்கண்ணாடியும் செய்தார்கள். கறுப்பு மணியை நம் வீட்டுப் பெண்களுக்கு மட்டுமே உரியது என்று எண்ணியிருந்த நமக்கு இது வியப்பாக இருந்தது.

இனி, அந்தத் தாயாரின் மகன் எழுப்பிய கேள்வி. மணியில் குற்றமில்லை, அதில் ஏற்றப்படும் நம்பிக்கையில்தான் இருக்கிறது. அக்கால அரபிகள் கண்ணேறு படாதிருக்கப் பிள்ளைகளின் கழுத்தில் கட்டிய மணிகளே 'தமீமா' எனப்பட்டன. அவற்றை நபி (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். அதே நபியின் வீட்டில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மாலை அணிந்திருந்தார்கள். ஒரு பயணத்தில் அது அறுந்து விழ, அதைத் தேடுவதற்காக நபியவர்கள் படையையே நிறுத்தினார்கள். தண்ணீர் இல்லாத இடம். மக்கள் முணுமுணுத்தார்கள், அபூபக்ர் (ரலி) மகளைக் கடிந்துகொண்டார்கள். அந்த இடத்தில்தான் தயம்முமின் வசனம் இறங்கியது. பிறகு ஒட்டகத்தை எழுப்பியபோது மாலை அதன் அடியில் கிடந்தது. வேறொரு பயணத்தில் அவர்கள் தொலைத்த மாலை, யமன் நாட்டு ழஃபார் நகரத்துக் கோடுடைய கல்மணிகளால் ஆனது என்று ஹதீஸில் வருகிறது. ஒரு பெண்ணின் அறுந்த மாலைக்காகப் படை காத்து நின்ற வரலாறு நமக்கு இருக்கிறது. கணவன் இறந்த அன்று ஒரு பெண்ணின் கழுத்திலிருந்து மணியை அறுத்தெறியும் வழக்கத்தை எங்கிருந்து எடுத்தோம்? கருகமணியை மாற்றாரின் வழக்கம் என்போர் இந்த அறுப்பைப் பற்றி வாய் திறப்பதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இவற்றையெல்லாம் படித்துத் திரட்டிய பின், ஒரு வகுப்பில் அந்த மாணவியிடம் சொன்னோம். சாம்பல் பற்றிச் சொன்னபோது அவள் சிரித்தாள். மிஞ்சிய மணிகளைப் புதிய நூலில் அவளே கோத்து உம்மாவுக்குக் கொடுத்திருக்கிறாள். இரண்டு மணிகளில் மட்டும் துளை அடைபட்டு ஊசி நுழையவில்லையாம். அவற்றைத் தன் பேனா டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாள்.