பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகு...



பஸ் பிரதான வீதியோடு நின்றுவிடும். அங்கிருந்து வீட்டுக்கோ பாடசாலைக்கோ ஆஸ்பத்திரிக்கோ இன்னும் ஒன்றிரண்டு கிலோமீற்றர். நடந்தால் வெயில், ஓட்டோ பிடித்தால் பஸ் காசை விட அது கூட. கடைசியில் "எதற்கு இந்தக் கரைச்சல்" என்று கடன்பட்டாவது ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கிவிடுகிறோம். இந்தக் கடைசித் துண்டு வழியை வேறு நாடுகள் எப்படிச் சமாளித்தன என்று கொஞ்சம் பார்ப்போம்.

1965 இல் நெதர்லாந்தின் அம்ஸ்டர்டாம் நகரம் கார்களால் நெரிந்துகொண்டிருந்தது. 'புரோவோ' என்ற இளைஞர் குழுவைச் சேர்ந்த லூட் ஸ்கிம்மல்பெனிங்க் ஒரு யோசனை வைத்தார். நகர மையத்தில் கார்களைத் தடை செய்யுங்கள். வெள்ளைச் சாயம் பூசிய சைக்கிள்களை நகரசபை வீதியில் விடட்டும். யாரும் எடுத்து ஓடலாம், போய்ச் சேர்ந்த இடத்தில் விட்டுவிடலாம். கார் இல்லாத வீதியில் பொதுப் போக்குவரத்தும் விரைவாக ஓடும் என்றார். நகரசபை ஏற்கவில்லை. இளைஞர்கள் தாமே சில சைக்கிள்களுக்கு வெள்ளை பூசி விட்டார்கள். பூட்டாத சைக்கிளை வீதியில் விடுவது சட்டவிரோதம் என்று பொலிஸ் அள்ளிக்கொண்டு போனது.

30 வருடங்கள் கழித்து, 1995 இல், டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரம் நாணயம் போட்டால் பூட்டுத் திறக்கும் சைக்கிள்களைக் கொண்டுவந்தது. எடுத்தவர் யார் என்று யாருக்கும் தெரியாது. களவு போவதும் உடைபடுவதும் தொடர்ந்தன. 1998 இல் பிரான்சின் ரென் நகரத்தில் அட்டை முறை வந்தது. 2005 இல் லியோன் நகரம் அதைப் பெரிய அளவில் செய்தது. எடுத்தவர் பெயர் பதிவாகியதும் சைக்கிள்கள் திரும்பி வரத் தொடங்கின.

நெதர்லாந்துக்காரர்கள் வேறொன்றைக் கவனித்தார்கள். ரயில் பயணிகளில் பலர் வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்குச் சொந்தச் சைக்கிளிலேயே வருகிறார்கள். ஆனால் இறங்குகிற ஊரில் அவர்கள் கையில் சைக்கிள் இல்லை. இதற்காக வந்ததுதான் 'ஓவி ஃபீட்ஸ்', அதாவது பொதுப் போக்குவரத்துச் சைக்கிள். 2008 இல் தேசிய ரயில் நிறுவனமே அதைப் பொறுப்பெடுத்தது. இன்று ரயிலுக்குப் பாவிக்கும் அட்டையைக் காட்டியே ஸ்டேஷனில் சைக்கிளை வாடகைக்கு எடுக்கலாம்.

அதே 2008 இல் சீனாவின் ஹாங்சோ நகரில் பஸ் ஓட்டும் பொதுப் போக்குவரத்து நிறுவனமே சைக்கிள் சேவையைத் தொடங்கியது. பஸ் அட்டைதான் சைக்கிளுக்கும். முதல் ஒரு மணித்தியாலம் இலவசம். சில ஆயிரம் சைக்கிள்களோடு தொடங்கியது, பல்லாயிரமாகப் பெருகியது.

அதே சீனாவில் மறுபக்கமும் உண்டு. 2014 இல் தொடங்கிய 'ஓஃபோ' போன்ற தனியார் கம்பனிகள் நகரங்களில் சைக்கிள்களைக் கொட்டின. பஸ்ஸோடும் ரயிலோடும் சேர்த்து யாரும் திட்டமிடவில்லை. 2017 அளவில் பழுதான சைக்கிள்கள் மலையாகக் குவிந்தன. 2018 முடிவில் இலட்சக்கணக்கானோர் தாம் கட்டிய முற்பணத்தைத் திருப்பிக் கேட்டு நின்றார்கள்.

இந்த எல்லா இடத்திலும் சைக்கிள் ஒரே சைக்கிள்தான். அதற்கு யார் பொறுப்பு என்பதில்தான் வித்தியாசம். பயணிகளை ஏற்றி இறக்குகிறவர்களே சைக்கிளையும் தங்கள் வேலையாக எடுத்த இடத்தில் அது நிலைத்தது.

நம் நாட்டில் 2022 இல் பெற்றோல் இல்லாதபோது எத்தனையோ பேர் சைக்கிளுக்குத் திரும்பினார்கள். நமக்கு ஓட்டத் தெரியாமல் இல்லை. பஸ் ஸ்டாண்டில் சைக்கிளை நம்பி விட்டுப்போக ஓர் இடம்தான் இல்லை. கூரையும் காவலும் உள்ள ஒரு நிறுத்துமிடத்தை நம் பிரதேச சபையிடம் கேட்பது பெரிய ஆசை அல்ல. வாடகைச் சைக்கிளெல்லாம் அதற்குப் பிறகு பேசலாம். ரியூசன் முடிந்து மாலையில் பஸ்ஸை விட்டு இறங்கும் நம் பிள்ளைகளுக்காகவாவது இதைக் கேட்போம்.

உங்கள் பகுதியில் எந்தத் தரிப்பிடத்துக்கு இது முதலில் தேவை என்று கீழே எழுதுங்கள்.