சிறுதேரும் சிற்றிலும்

தாம்பரத்துக்கு வடக்கே, பல்லாவரத்தை ஒட்டி மேற்கில் உள்ள குன்றத்தூர் பெரியபுராணம் அருளிய சேக்கிழாரின் ஊர். அவர் எடுப்பித்தது எனப் போற்றப்படும் திருநாகேச்சரமும் அங்கே உளது. 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் குலோத்துங்கனுக்கு அமைச்சராய் விளங்கிய அவரை, 19ஆம் நூற்றாண்டில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை குழவியாக்கிப் பிள்ளைத்தமிழ் பாடினார். ஒட்டக்கூத்தர் பிள்ளைத்தமிழ் பாடியதும் அதே குலோத்துங்கன் மீதுதான். மன்னனும் அமைச்சனும் இவ்வாறு ஒரே வகை விளையாட்டுப் பொருள்களைப் பெற்றனர்.

அப்பொருள்கள் யாவை? பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் காப்பு முதல் அம்புலி வரை ஏழும் இருபாற்கும் பொது. எஞ்சிய மூன்றில்தான் பால் பிரிகின்றது. ஆண்மகவு சிற்றிலைச் சிதைக்கும், சிறுபறை முழக்கும், சிறுதேர் உருட்டும். பெண்மகவுக்குக் கழங்கு அல்லது நீராடல், அம்மானை, ஊசல் என்பன உரியன. சிற்றிலை இழைப்போர் சிறுமியரே; ஆயினும் ஆண்பாற்குரிய பருவத்தில் அவர்க்குள்ள பங்கு ‘அழியாதே’ என இரத்தல் ஒன்றே. ஆண்டாள் நாச்சியார் திருமொழியில் அவ்வேண்டுகோளைப் பெண்குரலிலேயே பாடினார். பின்வந்த புலவர் அக்குரலை வாங்கிக்கொண்டு சிதைப்போன் பெருமைக்கு ஆக்கினர்.

இவ்வரையறையின் முரண் குமரகுருபரரின் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழில் தெளிவாகும். தடாதகை முடிசூடி ஆண்டவள். படையொடு சென்று திக்குகளை வென்றவள் என்பது மதுரைத் தலபுராணம். அவளுக்கு இந்நூல் வகுத்த இறுதிப் பருவங்கள் அம்மானை, நீராடல், ஊசல் என்பன. ஏடும் எழுத்தாணியும் ஏந்திய குன்றத்தூர்ப் புலவர்க்கோ தேரும் பறையும்! வாழ்க்கை அன்று, பாலே விளையாட்டுப் பொருளைத் தேர்ந்தது என்க. புலமையில் யாரினும் குறையாத குமரகுருபரரே இவ்வேலியைத் தாண்டவில்லை என்பது எமக்கு வியப்பே.

சங்க நூல்களில் வேலி இத்துணை இறுகியதன்று. சிற்றிலைக் காலால் சிதைத்துப் பந்தைப் பறித்தோடும் சிறுவனைக் கலித்தொகை 51ஆம் பாட்டில் கபிலர் காட்டுகின்றார். பிற்காலச் சிற்றிற் பருவத்தின் வித்து அதுவே போலும். ஆனால் குறுந்தொகை 61ஆம் பாட்டில், தச்சன் செய்த சிறுவண்டியில் ஏறிச் செல்லாவிடினும் அதனைக் கையால் இழுத்து மகிழ்வோரை, ஆண் பெண் எனப் பிரியாத பொதுச்சொல்லாலேயே புலவர் குறிக்கின்றார். அவரை ஆண்மக்கள் என்றே கொள்ள மூலத்தில் இடமில்லை. தாம்பரத்தில் எம் இல்லத்தில் இருந்த நடைவண்டி ஒன்றே. அதனை அண்ணனும் யானும் மாறி மாறித் தள்ளினோம். யாரும் தடுத்ததில்லை.

புறநானூறு 243 இதனினும் நுட்பமானது. தொடித்தலை விழுத்தண்டினார் முதுமையில் தம் இளமையாட்டை எண்ணி இரங்குகின்றார். மணலால் செய்த பாவைக்குப் பூச்சூட்டியது யார்? ‘தைஇ’ என்னும் எச்சத்தை அடுத்துவரும் ‘ஆடும்’ என்பதனோடு முடித்தால் சூட்டியோர் மகளிர். பாடுவோனின் வினையோடு முடித்தால் சூட்டியவன் அவனே. இலக்கணம் இரண்டற்கும் இடந்தரும். பாவை மகளிர்க்கே உரியது என்னும் எண்ணம் முன்னரே உள்ளத்தில் படிந்தோர்க்கு முதற்பொருளே இயல்பாகத் தோன்றும். யாம் இரண்டாவதைக் கொள்வோம். மகளிரொடு கைபிணைந்து, அவர் தழுவத் தழுவி, தூங்கத் தூங்கி ஆடியவன் பூவை மட்டும் தொடாது விலகி நின்றான் எனல் பாட்டின் போக்குக்கு ஒவ்வாது. மருதக்கிளை ஏறிக் கரையோர் வியக்க மடுவில் பாய்ந்து அடிமணல் கொணர்ந்ததும் அதே சிறுவனே. முதியவர் நினைவில் இரண்டும் ஒரே மூச்சில் வருகின்றன.