கண்ணிவெடி நிலத்திற் கண்காப்பு

தொழிலாளரின் கண்காப்பைப் பற்றி எண்ணுவோர்க்குப் பட்டறையும் சாணைக்கல்லுமே முதலில் நினைவுக்கு வரும். இலங்கையின் 1942ஆம் ஆண்டு 45ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும் தொழிற்சாலைகளை நோக்கியே எழுந்தது. ஆயின், முல்லைத்தீவின் அண்மைக்கால வரலாற்றிற் கண்ணுக்குப் பெருங்கேடு சூழ்ந்த பணியிடம், கூரையற்ற வயலும் காட்டோரமுமேயாம்.

2009ஆம் ஆண்டு மே மாதம் முள்ளிவாய்க்காற் கரையிற் போர் முடிந்தபொழுது, வன்னி நிலத்தில் மிதிவெடிகள் எஞ்சிக் கிடந்தன. அவற்றை அகற்றிய பின்னரே மக்கள் தம் ஊர்களுக்கு அச்சமின்றித் திரும்புதல் கூடும். அப்பணியை மேற்கொண்டோருட் பெண்கள் பலர்; அவருள்ளும் போரிற் கணவரை இழந்து குடும்பச் சுமையைத் தாங்குவோர் உளர்.

வெடியை அகற்றுபவர் முழந்தாளிட்டு மண்ணை நோக்கிக் குனிந்திருப்பார். வெடிப்பின் விசையோ மேல்நோக்கி எழுந்து, மணலையும் கல்லையும் முகத்தில் வீசும். இதனைத் தடுப்பது பொலிக்காபனேற்று என்னும் ஒளிபுகும் பொருளாலான முகமறைப்பு. அப்பொருளை 1953இல் ஜேர்மனியில் ஹேர்மன் ஷ்னெல் என்பார் ஆக்கினார். 2001இல் வெளிவரத் தொடங்கிய சர்வதேச கண்ணிவெடி நடவடிக்கை நியமங்கள், இம்மறைப்பு முகத்தோடு தொண்டையையும் மூடவேண்டும் எனவும், 5 மில்லிமீற்றர் பொலிக்காபனேற்றுக்குக் குறையாத காப்பு அளிக்கவேண்டும் எனவும் விதித்தன.

எனினும், உயர்த்தி வைத்த மறைப்பு ஒருவரையும் காவாது. வன்னி வெயிலில் வியர்வை வழியும். மூச்சுக்காற்று மறைப்பின் உட்புறத்தில் ஆவியாய்ப் படியும். நாட்பட்ட கீறல்கள் பார்வையை மங்கச் செய்யும். கண்ணைக் காக்கும் கருவியே காட்சியைத் தடுக்கும்பொழுது, அதனைச் சற்றே உயர்த்த மனம் விழைவது இயல்பு. அந்த ஒரு கணமே பார்வையைப் பறித்ததைப் பிறநாட்டு விபத்துப் பதிவுகள் காட்டுகின்றன. ஆதலின், அடிக்கடி ஓய்வளித்தலும், கீறல் விழுந்த மறைப்பை மாற்றிக் கொடுத்தலும் காப்பின் உறுப்புக்களேயன்றிச் சலுகைகள் அல்ல.

தூரமும் ஒரு காப்பாகும். 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தின் பின் இலங்கையிற் கையாளப்பட்ட நீண்டபிடி வாரி, வெடிக்கும் முகத்துக்கும் இடையே வெளியை உண்டாக்கியது. உழவர் கைக்குப் பழகிய எளிய கருவி இங்கே உயிர்காக்கும் கருவியாயிற்று.

இலங்கை 2017இல் ஒட்டாவா உடன்படிக்கையில் இணைந்தது. அதன்படி வெடிகளை அகற்றி முடிப்பதற்குரிய இறுதிநாள் 2028 யூன் 1 ஆகும். மீட்கப்பட்ட நிலத்தின் பரப்பை மட்டும் வரலாறு எழுதினாற் போதாது. அந்நிலத்தை மீட்டவர், தம் மக்கள் அதில் நடமாடுவதைத் தம் கண்ணாற் காண்பதற்கு உரியவர். அவ்வுரிமையைக் காத்த முறையும் வரலாற்றில் இடம்பெறுதல் வேண்டும்.